ஆயின்மென்ட் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க. போன தடவை நல்லாக் கேட்டுச்சுங்க."

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. நீட்டுகிற ட்யூப் அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி மூடி வரைக்கும் வந்திருக்கும், பெயர் பாதி தேய்ந்து போயிருக்கும். போன மாதம் ஒருவர் கொண்டுவந்தது அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தே இல்லை. அவர் அண்ணன் மகனுக்குக் காலில் சீழ் வைத்தபோது டாக்டர் எழுதியது. இவருக்கோ இடுப்பில், பெல்ட் கட்டுகிற இடத்தில், வட்டமாக ஓரம் மட்டும் சிவந்து அரிப்பு. நடுவில் தோல் கொஞ்சம் தெளிந்திருந்தது. பார்த்தவுடனே தெரிகிற படர்தாமரை. பாக்டீரியாவுக்கான ஆயின்மென்ட்டை அதன் மேல் எத்தனை நாள் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஆயின்மென்ட்டை நாம் மருந்தாகவே நினைப்பதில்லை, அதுதான் சிக்கல். மாத்திரை என்றால் "இது எதுக்கு, சாப்பிடுவதற்கு முன்னாடியா பின்னாடியா" என்று நாலு கேள்வி கேட்கிற அதே ஆள், ட்யூப் என்றால் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறார். மேலே தடவுகிறதுதானே, என்ன ஆகிவிடும் என்கிற எண்ணம். நிறைய ஆகும். அதனால் பாக்டீரியாவுக்கான களிம்பு என்றால் என்ன, அதை எப்போது போடலாம், எப்படிப் போட வேண்டும் என்பதைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். தோலில் இருப்பது பாக்டீரியாவா?

தோலில் சிவப்பு, அரிப்பு, கொப்புளம் வருவதற்குக் காரணம் ஒன்றல்ல. படர்தாமரை, தேமல், மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் வருகிற சேற்றுப்புண் எல்லாம் பெரும்பாலும் பூஞ்சை. அக்கி வைரஸ். கரப்பான் தோலின் அழற்சி. விரல் இடுக்கில், தொப்புளைச் சுற்றி, ராத்திரியானால் தூங்கவிடாமல் அரித்து, வீட்டில் நாலு பேருக்கும் சேர்ந்து வந்தால் அது தோலுக்குள் வளை போடுகிற பூச்சியால் வருகிற சொறி. இதில் எதற்கும் பாக்டீரியாவைக் கொல்கிற மருந்து வேலை செய்யாது. பூட்டு வேறு, சாவி வேறு.

சரி, பாக்டீரியா எப்படி இருக்கும்? நன்றாக அடையாளம் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குக்குக் கீழே, வாயோரத்தில், முழங்காலில் முதலில் சின்னக் கொப்புளம் வரும். அது உடைந்து நீர் வடிந்து, வெல்லப்பாகு சிந்திக் காய்ந்தது போல மஞ்சளும் பழுப்புமாகப் பொருக்குக் கட்டும். சொறிந்த விரல் படுகிற இடத்திலெல்லாம் அடுத்தது முளைக்கும். டாக்டர்கள் இதை இம்பெட்டிகோ என்பார்கள், வீட்டில் நாம் சிரங்கு என்கிறோம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்கிற இரண்டு பாக்டீரியாக்கள்தான் இதற்குக் காரணம். இது ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் மேலே தடவுகிற மருந்தே போதும் என்று டாக்டர் முடிவு செய்வார். ஷேவ் செய்த இடத்தில் முடிக்காலைச் சுற்றி வருகிற சின்னச் சீழ்க்கொப்புளம், சின்னக் காயம் சீழ் வைப்பது, இவையும் அந்த வகைதான். ஆனால் உருண்டு திரண்டு உள்ளே சீழ் கோத்த வேனற்கட்டிக்கு மேலே எவ்வளவு தடவினாலும் மருந்து உள்ளே போய்ச் சேராது. அதற்கு டாக்டர் கீறிச் சீழை எடுத்துவிட வேண்டியிருக்கும். நாமே பிதுக்கவும் கூடாது.

இந்த வகையில் அதிகம் எழுதப்படுவது இரண்டு மருந்து. ஒன்று முபிரோசின், 2 சதவீத ஆயின்மென்ட்டாக வரும். இது கிடைத்ததே ஒரு பாக்டீரியாவிலிருந்து. சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்கிற பாக்டீரியா தன் பக்கத்தில் மற்ற பாக்டீரியாக்கள் வளராமல் இருப்பதற்காகச் சுரக்கிற பொருள் இது. பாக்டீரியா உயிரோடு இருக்கப் புரதம் கட்ட வேண்டும், அதற்கு ஐசோலூசின் என்கிற அமினோ அமிலத்தை எடுத்து வந்து சேர்க்க ஒரு நொதி வேண்டும். அந்த நொதியின் கையை முபிரோசின் கட்டிப்போட்டுவிடுகிறது. நம் உடம்பிலும் அதே வேலைக்கு நொதி இருக்கிறது, ஆனால் அதன் அமைப்பு வேறு. அதனால்தான் நமக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் பாக்டீரியா மட்டும் சாகிறது. இன்னொன்று ஃபியூசிடிக் ஆசிட். இது 1960களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டது. இதுவும் புரதம் கட்டுவதைத்தான் தடுக்கிறது, வேறொரு படியில்.

இப்போது ட்யூபைத் திருப்புங்கள். முன்பக்கம் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதில் ஓர் எழுத்து மாறினால் உள்ளே இருக்கிற மருந்தே மாறிவிடும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கம்போசிஷன் என்று இருக்கும் பாருங்கள், உண்மையான பெயர் அங்கேதான் இருக்கிறது. கண் சரியாகத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் எத்தனை மருந்து இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் இருக்கிறதா, மூன்று நான்கு இருக்கிறதா?

நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த மூன்று நான்கு மருந்துக் கலவைதான். நியோமைசின், ஜென்டாமைசின், ஓஃப்லோக்சசின் மாதிரி பாக்டீரியாவுக்கு ஒன்று, க்ளோட்ரிமசோல், மைகோனசோல், டெர்பினாஃபின் மாதிரி பூஞ்சைக்கு ஒன்று, அவற்றோடு க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு. எது வந்திருந்தாலும் ஏதோ ஒன்று கேட்கும் என்கிற கணக்கு. தடவிய ரெண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மங்கிவிடும், "அருமையான மருந்து" என்று பெயர் வாங்கிவிடும். அரிப்பை நிறுத்தியது ஸ்டீராய்டு. அது கிருமியைக் கொல்லவில்லை, கிருமியை எதிர்த்துத் தோல் போடுகிற சண்டையைத்தான் அடக்கியது. எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வரும், மறுபடி ட்யூப், மறுபடி நிம்மதி. ஆறு மாதம் இப்படி ஓட்டிவிட்டு வருகிறவர்களின் தொடையிடுக்கில் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, பிரசவ வரி மாதிரி கோடு கோடாக விழுந்திருக்கும். அந்தக் கோடு விழுந்தால் விழுந்ததுதான், மறையாது. படர்தாமரையோ அதன் வட்ட வடிவத்தையே இழந்து, டாக்டரே பார்த்துச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாதபடி உருமாறியிருக்கும்.

இந்தியாவில் படர்தாமரை இப்போது முன்போல எளிதில் போவதில்லை என்பதைத் தோல் டாக்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார். டெர்பினாஃபின் என்கிற முக்கியமான மருந்துக்கே பல நேரங்களில் அடங்காத ஒரு பூஞ்சை இங்கே பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு வைத்த பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. இது இந்த அளவுக்குப் பரவியதில் கலவைக் களிம்புகளுக்கும் பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கேட்பவர்கள் கேட்கிறார்கள், கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன, என் தொழிலில் இருப்பவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: பெயர் "சோன்" என்று முடிந்தால் சந்தேகப்படுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் எல்லாம் அந்தக் குடும்பம். எல்லா ஸ்டீராய்டும் அப்படி முடியாது. க்ளோபெட்டசால் "சால்" என்று முடியும், ஆனால் அதுதான் இவற்றில் மிகவும் வீரியமானது. ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. கரப்பானுக்கு, சோரியாசிஸுக்கு டாக்டர் இத்தனை நாள் என்று அளந்து கொடுத்தால் அது நல்ல மருந்து. மாதக்கணக்கில் முகத்திலோ தொடையிடுக்கிலோ போட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம், எரிச்சலும் சிவப்பும் பயங்கரமாகத் திரும்பி வரலாம். தோல் டாக்டரிடம் அந்த ட்யூபோடு போய், எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

இனி டாக்டர் பார்த்து, பாக்டீரியாதான் என்று உறுதி செய்து, முபிரோசின் மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எப்படிப் போடுவது?

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் அந்தப் பொருக்கு. பெரும்பாலானவர்கள் விடுகிற தப்பு இங்கேதான், காய்ந்த பொருக்கின் மேலேயே மருந்தை அப்பிவிடுகிறார்கள். பாக்டீரியா அந்த ஓட்டுக்குக் கீழே இருக்கிறது, மருந்து ஓட்டுக்கு மேலே நிற்கிறது. சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஐந்து பத்து நிமிடம் புண்மேல் வைத்திருந்தால் பொருக்கு ஊறி இளகும். சோப்புத் தண்ணீரால் மெதுவாகத் துடைத்தால் தானே வரும், வராததைப் பிய்க்காதீர்கள். ஈரத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு மருந்தைப் புண்ணிலும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் மெல்லிசாகத் தடவினால் போதும். தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கிற அளவு, இட்லிக்குச் சட்னி வைக்கிற அளவு அல்ல. கெட்டியாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்பது இல்லை, மேலே நிற்பதெல்லாம் சட்டையில்தான் ஒட்டும். ட்யூபின் வாய் புண்ணில் படக் கூடாது. பிள்ளை சொறியாமல் இருக்க வேண்டுமானால் மேலே காஸ் துணி லேசாகச் சுற்றலாம். முடிந்ததும் மறுபடி கையைக் கழுவுங்கள், இதையும் பலர் மறக்கிறார்கள்.

முபிரோசின் ஆயின்மென்ட் என்றால் வழக்கமாக ஒரு நாளைக்கு 3 தடவை. 3 முதல் 5 நாளுக்குள் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ட்யூபை மாற்றிப் பார்க்காமல் டாக்டரிடம் திரும்பப் போங்கள், ஏனென்றால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது அந்தப் பாக்டீரியா இந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம். டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் போடுங்கள், மேலே நன்றாக ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும். அதற்காக 10 நாளைத் தாண்டி நீங்களாக இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. பிள்ளையின் நகத்தை ஒட்ட வெட்டி, துண்டையும் தலையணை உறையையும் தனியாக வைத்து வெந்நீரில் துவைத்தால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சிரங்கு ஆறி ஆறி மறுபடி வருகிறது என்றால் பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறதா, வீட்டில் சொறி இருக்கிறதா என்று பாருங்கள். சொறிந்த இடத்தில்தான் பாக்டீரியா குடியேறுகிறது, அடியில் இருப்பதைச் சரிசெய்யாமல் மேலே மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

போடக் கூடாத இடங்களும் உண்டு. தோலுக்கான ஆயின்மென்ட்டைக் கண்ணில் போடாதீர்கள், கண்ணுக்கென்று தனியாக வருகிறது. மூக்குக்குள்ளும் அப்படித்தான். பரந்து தோலுரிந்த புண்ணில் முபிரோசின் ஆயின்மென்ட்டை அள்ளிப் பூசக் கூடாது, அதில் மருந்தைத் தாங்கி நிற்கிற பாலிஎத்திலீன் கிளைக்கால் என்கிற அடிப்பொருள் திறந்த புண் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகும். கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாய் கடித்தால் ஆயின்மென்ட்டைத் தேடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஊசி போடப் போங்கள். தீக்காயத்துக்குப் பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் வேண்டாம். 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரைக் காட்டுங்கள். தீக்காயத்துக்கு எழுதுகிற சில்வர் சல்ஃபாடயசின் வெள்ளைக் க்ரீம் சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது, ரெண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் ஆகாது.

ஒத்துக்கொள்ளாமை பற்றி என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். என் மகள் சைக்கிளில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். வீட்டில் இருந்த நியோமைசின் ஆயின்மென்ட்டைப் போட்டேன். நாலாம் நாள் காயத்தைச் சுற்றிச் சிவந்து பொடிப்பொடியாகக் கொப்புளித்து ஒரே அரிப்பு. புண் பெரிதாகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டேன், இன்னும் பரவியது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன், சிவப்பின் எல்லை காயத்தின் வடிவத்தில் இல்லை, நான் களிம்பு தடவிய வடிவத்தில் இருந்தது. மருந்தை நிறுத்தினேன், டாக்டர் பார்த்து அலர்ஜி என்றார், ஒரு வாரத்தில் தணிந்தது. நியோமைசின் இப்படிச் செய்வது அரிதல்ல, அமெரிக்கத் தொடுஅழற்சி மருத்துவர் சங்கம் 2010இல் அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருளாகவே அதை அறிவித்தது. புண்ணில் வலி அதிகமாகிறதா, அரிப்பு அதிகமாகிறதா என்று கவனியுங்கள். அரிப்புத்தான் ஏறுகிறது என்றால் முதலில் மருந்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சிராய்ப்புக்கு உண்மையில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஓடுகிற தண்ணீரும் சோப்பும், மேலே சுத்தமான கட்டும் போதும். தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு முறையும் தோலில் சும்மா இருக்கிற பாக்டீரியாக்களுக்கு நாம் அந்த மருந்தைப் பழக்கிவிடுகிறோம். நியூசிலாந்தில் 1991இல் முபிரோசினைச் சீட்டில்லாமலே வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ட்யூப் போனது, சில வருடங்களில் அதற்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பெருகியது. 2000இல் மறுபடி சீட்டு கட்டாயமானது. பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைக் காட்டினால் பாக்டீரியா எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார். ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் மூக்கிலிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸை ஒழிக்கவும் முபிரோசினைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிராய்ப்புக்கெல்லாம் போட்டு அதை வீணாக்கிவிட்டால் அங்கே கையில் எடுக்க ஒன்று குறைந்துவிடும்.

முகப்பருவுக்கு க்ளிண்டமைசின் ஜெல் போடுகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். அதைத் தனியாக மாதக்கணக்கில் போடக் கூடாது என்பதால் டாக்டர்கள் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத் தருவார்கள், அதற்கு பாக்டீரியா எளிதில் பழகுவதில்லை. அது துணியின் சாயத்தை எடுத்துவிடும், வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ட்யூபையும் நம்பிக் காத்திருக்கக் கூடாத நேரங்கள் இவை: காய்ச்சல் வருவது, சிவப்பு மணிக்கு மணி விரிவது, புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறுவது, கண்ணைச் சுற்றி வீங்குவது, கைக்குழந்தைக்கு வருவது, சர்க்கரை நோயாளியின் காலில் எவ்வளவு சின்னப் புண்ணாக இருந்தாலும். சிவப்பு விரிகிறதா என்று சந்தேகமாக இருந்தால் அதன் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். டாக்டர் பார்க்கும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். பிள்ளைக்குச் சிரங்கு வந்து ஆறிய பிறகும் மூன்று வாரம் போல ஒரு கண் வைத்திருங்கள். காலையில் முகம் உப்பியிருந்தாலோ சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தோலில் வந்துபோன பிறகு சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வருவதுண்டு.

இடுப்பில் படர்தாமரையோடு வந்தவரைத் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். பூஞ்சைக்கு மாத்திரையும் க்ரீமும் எழுதிக் கொடுத்திருக்கிறார், தோல் தெளிந்த பிறகும் நிறுத்தாமல் சில வாரம் போடச் சொல்லியிருக்கிறார். சீட்டோடு வந்தபோது அந்தப் பழைய ட்யூபும் பையில் இருந்தது. "இதை என்னங்க பண்றது, பாதி இருக்குதே?" என்றார். மடிப்பில் அடித்திருந்த தேதியை அவருக்கே காட்டினேன். காலாவதியாகி ஐந்து மாதம். வாங்கி எங்கள் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, புது ட்யூபின் மேல் பேனாவால் அவர் பெயரையும் பிரித்த தேதியையும் எழுதிக் கொடுத்தேன்.